கரண்ட் போன மைதானத்தில்

பாப்பா,

உன் டிரம்ஸ் மேல் என் பழைய புடவை ஒன்றைப் போட்டு மூடிவிட்டு, நீ பத்திரிகை வைக்கக் கிளம்பிப் போய்விட்டாய். போகிற போக்கில், "ம்மா, இத்த பேண்டு பசங்க கையில குடுத்துடு. வூட்ல எதுக்கு எடத்த அடச்சிகினு" என்றாய். குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய், முகத்தைக் காட்டவில்லை. நானும் வெறுமனே 'ம்' கொட்டினேன். எதிரே நின்று பேசினால் நான் அழுவேன், நீ கோபப்படுவாய், நடுவில் உன் நைனா வந்து நமக்கு ஒரு சமாதானக் கூட்டம் போடுவார். அடுத்த வாரம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அதெல்லாம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதி எழுதியே வயதான கை இது. இவ்வளவு நீளமாக எழுதி ரொம்ப நாளாகிறது. பொறுமையாகப் படி.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மா சொன்னதை நானும் கேட்டேன். "பொண்ணு பேண்டுல மேளம்லாம் அடிக்குமாமே. கல்யாணத்துக்கு அப்பறம் அதெல்லாம் எதுக்கும்மா, அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க" என்று லட்டைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னார். அவர் கெட்ட மனுஷி இல்லை. சத்தம் போட்டு யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. மழை வரப்போகிறது, துணியை எடுங்கள் என்று சொல்வதைப் போலத்தான் இதையும் சொன்னார். மாப்பிள்ளை அந்த லட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நீ தலையை ஆட்டினாய். அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை பாப்பா, நீ அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதுதான் வலித்தது. எம்.கே.பி. நகரில் ஒரு மைதானமே உன் கையைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கைக்கு உரியவள், ஒரு தட்டு லட்டு அடுக்கி முடிவதற்குள் சரி என்றுவிட்டாளே.

நம் வீடு ஒரு விசித்திரமான வீடு. ஹவுசிங் போர்டில் ஒரு ரூம், ஒரு சமையலறை, அதற்குள் மூன்று பைத்தியங்கள். உன் நைனாவுக்குக் கட்சி. அவருடைய கட்சி ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறும், ஆனால் அவர் தோளில் கிடக்கும் துண்டு மாறாது. எனக்கு பிரேசில். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை காட்டத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு மஞ்சள் பனியன்காரன் நாலு பேருக்கு நடுவே பந்தை இழுத்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்தேன், அன்றைக்குப் போனவள்தான். ஆட்ட நாளில் மஞ்சள் சுடிதார் போடாமல் வேலைக்குப் போனதில்லை. கேட்டில் லாரி டிரைவர்கள், "இன்னாக்கா, இன்னிக்கு மேட்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரசீதை நீட்டுவார்கள். மூன்றாவது பைத்தியம் நீ. உனக்கு ராக்.

நான் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாம் மூன்று பேரும் செய்வது ஒரே காரியம்தான். நம்மை யார் என்றே தெரியாத ஒருவருக்காக, நம்மைப் போலவே யார் என்று தெரியாத ஆயிரம் பேரோடு தோள் இடித்துக்கொண்டு நின்று, தொண்டை கிழியக் கத்துகிறோம். அவர் ஜெயித்தால் நமக்கு ஒரு கிலோ அரிசி கூடக் கிடைக்கப்போவதில்லை. தோற்றால் மட்டும் சோறு இறங்காது. உன் நைனாவை நான் எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறேன், அவரும் என்னை விட்டதில்லை. "பிரேசில்காரன் வந்து உனக்குத் தண்ணி லாரி உடுவானா மே?" என்பார். "உங்க ஆளு மட்டும் உட்டானா?" என்பேன். ஆனால் கூட்டத்தின் நடுவே நிற்கும்போது நம் உடம்பு நம்முடையதாக இல்லாமல் பெரிதாகிப்போகிறதே, அதற்காகத்தான் மூன்று பேரும் போகிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நீ எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டால் குடத்தில்தான். வரிசையில் காலியாக நிற்கும் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுவாய். பச்சைக் குடத்துக்கு ஒரு சத்தம், சிவப்புக் குடத்துக்கு ஒரு சத்தம் என்று எங்களுக்கே காட்டிக்கொடுத்தாய். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குச் சாவு ஊர்வலம் போனால், மற்ற பிள்ளைகள் பூவைப் பார்த்தார்கள், நீ அடிக்கிறவர் மணிக்கட்டைப் பார்த்தாய். அப்புறம் ராயபுரத்தில் உன் சிநேகிதியின் சர்ச்சில் இருந்த டிரம்ஸில் கற்றுக்கொண்டாய். ஒரு நாள் டோல்கேட் பஸ்ஸில் உன் இயர்போனில் ஒன்றை என் காதில் செருகினாய். "இன்னாடி இது, தகர டப்பாவ மாடிப்படில உருட்டி உட்டாப்போல கீது" என்றேன். நீ, "கொஞ்சம் இரும்மா" என்றாய். இருந்தேன். நடுவில் எல்லாம் திடீரென்று நின்றது. கிடார் இல்லை, குரல் இல்லை, ஒன்றுமே இல்லை. பாட்டு முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் இயர்போனைக் கழற்றப் போகும்போது எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது பார், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெனால்ட்டி அடிக்க ஓடி வருகிறவன் பந்துக்கு முன்னால் ஒரு நொடி தயங்குவானே, அதே தயக்கம். அன்றைக்குத்தான் எனக்கு உன் பைத்தியம் புரிந்தது.

இனி அந்த மைதானத்தில் நடந்த கூட்டத்து நாளுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் மேடையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கீழே நின்றவள் பார்த்தது தெரியாது.

உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போலத் தெருவெல்லாம் பாதி பிரேசில் மஞ்சள், பாதி அர்ஜென்டினா நீல வெள்ளை. நாக்-அவுட்டில் பிரேசில் ஆடுகிற அதே நாளில், அதே மைதானத்தில், உன் நைனா தன் கட்சியின் பொதுக்கூட்டத்துக்கு அனுமதி வாங்கி வைத்திருந்தார். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒரு மனிதன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். பசங்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் மைதானத்தின் ஒரு முனையில் மேடை, மறுமுனையில் ஆட்டத்துக்குத் திரை, இரண்டுக்கும் ஒரே மைக்செட்காரர் என்று ராசியானார்கள். கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டியதில்லை என்று உன் நைனா உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது எனக்குத் தெரியும்.

ஆனால் தலைவர் வரும்வரை பாட வேண்டிய பாட்டுக் கோஷ்டி வரவில்லை. தலைவரும் வரவில்லை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோய், எல்லோரும் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "பேஜாரா பூட்ச்சி மே, கூட்டம் கலஞ்சிடும்" என்று உன் நைனா என்னிடம் வந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான், "வூட்ல ஒருத்தி கீறாளே, கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன். "அந்தச் சத்தத்தயா? கட்சி மேடையிலயா?" என்றார். அப்புறம் காலியாகக் கிடந்த மேடையைப் பார்த்தார். உன்னிடம் வந்து அவர் எப்படிக் கேட்டார் என்று ஞாபகம் இருக்கிறதா? "பாப்பா, கொஞ்சம் மெதுவா வாசிக்க முடியுமா?" என்றார். நீ சிரித்தாய். "மெதுவால்லாம் வராது நைனா."

உன் பேண்டு பசங்கள் மூன்று பேர் கிடாரோடு ஏறினார்கள், பின்னால் நீ. முதல் அடியிலேயே காக்காய்கள் எழும்பிப் பறந்தன. பஜ்ஜி கடைக்காரர் கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நீங்களே எழுதிய அந்த ரோட்டுப் பாட்டைத்தான் எடுத்தீர்கள். 'ரோடு யாருது, ரோடு யாருது, லாரிக்கு வுட்டீங்க, நடக்கறவன் எங்க போவான்?' என்று அந்தப் பையன் கத்த, உன் நைனா முகம் வெளுத்துப்போய்விட்டது. ஆனால் இரண்டாவது தடவை 'ரோடு யாருது' என்று அவன் கேட்டபோது கூட்டம் பதில் சொன்னது. "எங்களுது!" மீன் கூடையை இடுப்பில் வைத்திருந்தவள் சொன்னாள், குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தவன் சொன்னான், பிரேசில் பனியனும் அர்ஜென்டினா பனியனும் சேர்ந்து சொன்னார்கள். இத்தனை வருஷம் உன் நைனா மைக் பிடித்துக் கேட்டும் வராத பதில் அது. அவர் மேடை ஓரத்தில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். நான் இறுமாப்பில் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பேன்.

தலைவர் ஒரு வழியாக வந்து பேச ஆரம்பித்தபோது மறுமுனையில் ஆட்டமும் ஆரம்பமாகிவிட்டது. திரையில் படம் மட்டும், சத்தம் மேடைக்கு. அவர், "இந்த மண்ணின் மக்களுக்கு விடிவு காலம் வரும்" என்று சொன்ன அதே நொடியில் பிரேசில் கோல் போட்டது. மைதானமே எழும்பிக் குதித்தது. அவர் நெகிழ்ந்துபோய்விட்டார். அந்த வரியை மறுபடியும் சொன்னார், இப்போது ஒருத்தரும் கை தட்டவில்லை. பாவம், இன்னொரு முறை கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்லிப் பார்த்தார். போகும்போது உன் நைனாவின் தோளைத் தட்டி, "நல்ல எழுச்சிப்பா" என்றுவிட்டுக் காரில் ஏறினார். உன் நைனா இதுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

எதிரணி கடைசி நேரத்தில் ஒரு கோல் திருப்பிப் போட, ஆட்டம் நீண்டு, கடைசியில் பெனால்ட்டிக்குப் போனது. எதிரணியின் முதல் ஆள் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். கரண்ட் போனது. திரை இல்லை, மைக் இல்லை, தெருவிளக்கு இல்லை. ஏரியா முழுக்க இருட்டு. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் எந்தப் போனில் படம் வரும்? எல்லாத் திரையிலும் வட்டம்தான் சுற்றியது. நீங்கள் நாலு பேரும் இன்னும் மேடையிலேயே இருந்தீர்கள். உன் பேண்டு பையன் ஒருவன் பழக்கதோஷத்தில் கிடாரைத் தட்டிப் பார்த்தான், அது வெறும் மரக்கட்டையாக டொக் என்றது. பத்து மணி தாண்டிவிட்டது, நிறுத்துங்கள் என்று சொல்ல வந்த போலீஸ்காரர் என் பக்கத்தில் நின்று, "யம்மா, இன்னா ஆச்சு, போட்டானா?" என்று என்னையே கேட்டார்.

அப்போது உன் நைனாவுக்கு மூளை வேலை செய்தது. கட்சிக்காரனுக்கே உரிய மூளை. திருவொற்றியூரில் இருக்கும் தன் கட்சி தோஸ்துக்குப் போன் போட்டார். அங்கே கரண்ட் இருந்தது, டிவியும் இருந்தது. தோஸ்து கடைக்குப் போயிருந்தார், போனை எடுத்தது அவர் மகன். "அண்ணாத்த, மொத பந்த அவங்க போட்டுட்டாங்க, அடுத்தது பிரேசிலு. லைன்லயே இருங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றான். இவர் காதில் போனோடு மேடை ஏறினார். கத்திச் சொல்லிப் பார்த்தார், முன்வரிசையைத் தாண்டிப் போகவில்லை. அப்போதுதான் இருட்டுக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. "நைனா, என்னாண்ட கைய மட்டும் காட்டு. கோல்னா நான் அடிக்கிறேன். இல்லன்னா அடிக்க மாட்டேன்."

யாரோ நாலு பேர் போன் லைட்டை உன் மேல் அடித்தார்கள். நீ சின்னதாக உருட்ட ஆரம்பித்தாய். மழை தகரத்தில் விழத் தொடங்குவதைப் போல மெல்ல வந்த சத்தம், ஏறி ஏறி வந்து நின்றது. கை மேலே போனது. மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. உன் நைனா கட்டைவிரலை உயர்த்தினார். நீ அடித்தாய். அந்த அடிக்கு எழுந்த கூச்சலை நான் எந்த ஆட்டத்திலும் கேட்டதில்லை, எந்தத் தேர்தல் முடிவிலும் கேட்டதில்லை. அடுத்தது எதிரணி. எனக்கு மனசுக்குள், பாப்பா அடிக்காமல் இருக்கட்டுமே என்று இருந்தது. நைனா விரலைத் தூக்கினார், நீ அதே பலத்தோடு அடித்தாய். எங்கள் பக்கத்துக்கு ஓர் அடி, அவர்கள் பக்கத்துக்கு ஓர் அடி, கொஞ்சமும் குறைக்காமல், கொஞ்சமும் கூட்டாமல். உனக்கு யார் மேல் ஆசை என்று அந்த இருட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இத்தனை பேருடைய உயிரைக் கையில் வைத்துக்கொண்டு ஓரவஞ்சனை இல்லாமல் இருக்க இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று பிரமித்துப்போய் நின்றேன். நான் பெற்ற பிள்ளைதானா இது என்று நிஜமாகவே தோன்றியது.

கடைசிப் பந்து எங்களுடையது. போட்டால் உயிர் இருக்கிறது, போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். நீ உருட்டினாய், நிறுத்தினாய், கையைத் தூக்கினாய். போனில் அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. பந்து போஸ்ட்டில் பட்டுத் தெறித்ததைப் பார்த்துவிட்டு அவனுக்கு அதைச் சொல்ல மனசு வரவில்லை என்று பிற்பாடு சொன்னான். அவன் சொல்லாததால் உன் நைனா விரலைத் தூக்கவில்லை. அவர் தூக்காததால் நீ அடிக்கவில்லை. உன் கை அப்படியே மேலே நின்றது. நின்றது, நின்றது, கீழே வரவே இல்லை. தோற்றுவிட்டோம் என்பதை ஒருத்தரும் யாருக்கும் சொல்லவில்லை, அந்தக் கையைப் பார்த்து ஒரு மைதானமே தெரிந்துகொண்டது. மஞ்சள் சுடிதாரில் நின்று நான் அழுதுகொண்டிருந்தேன். பிரேசிலுக்காக அழுதேனா, உனக்காக அழுதேனா என்று என்னைக் கேட்காதே.

அடுத்த வாரமே அந்தப் பையன் தன் அப்பாவோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அன்னிக்கு அடிச்சது யாரு?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். போன் வழியாக உன் ஒவ்வோர் அடியும் அவன் காதில் விழுந்திருக்கிறது. அவன்தான் இன்றைக்கு உனக்கு மாப்பிள்ளை. நிச்சயதார்த்தத்தன்று லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதே பையன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்கியதைப் போலவே இன்றைக்கும் விழுங்கிவிட்டான். அவனிடம் கேள் பாப்பா. 'என் முகத்தைப் பார்த்துச் சொல், எதைக் கேட்டு என்னைத் தேடி வந்தாய்' என்று கேள். ஒரு வீட்டில் வாழப்போகிறவர்கள் இப்படி லட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஆகாது. உன் நைனாவும் நானும் தினம் சண்டை போட்டோம், ஆனால் ஒருவர் பைத்தியத்தை ஒருவர் புடவை போட்டு மூடச் சொன்னதில்லை.

நான் ஒன்று செய்திருக்கிறேன், கோபப்படாதே. கல்யாணத்துக்கு முதல் நாள் நம் வீட்டுச் சீர்வரிசை திருவொற்றியூருக்குப் போகிறது. பீரோ, கட்டில், அண்டா, தட்டுகள் எல்லாம் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளில். முதல் வண்டியில் பீரோ போவதுதான் வழக்கம். நான் முதல் வண்டியில் உன் டிரம்ஸை ஏற்றச் சொல்லிவிட்டேன். கட்டி மூடிப்போட்டு அல்ல, வாசிக்கிற மாதிரி நிறுத்தி, மாலை போட்டு. அவர்கள் தெருமுனையில் இறக்கி, தெரு முழுக்கப் பார்க்க, நடத்திக் கொண்டுபோவோம். தெருவே பார்த்த சீரை எந்தச் சம்பந்தியும் திருப்பி அனுப்பியதில்லை, அனுப்பினால் அவர்களுக்குத்தான் அசிங்கம். கட்சிக்காரன் பெண்டாட்டிக்கு இந்த அரசியல்கூடத் தெரியாதா? உன் நைனாவிடம் சொன்னபோது, "பெரிய மேளத்த நானே தூக்கினு முன்னால போறேன் மே" என்றார். துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். சம்பந்தியம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆட்டத்தன்று வீட்டுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மஞ்சள் புடவையும் எடுத்துக் கொடுத்தால் வழிக்கு வந்துவிடுவார்.

கல்யாணத்தன்று, நம் பௌத்த முறைப்படி புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி நீங்கள் இரண்டு பேரும் உறுதி சொல்லும்போது நான் கட்டாயம் அழுவேன், அதையும் கண்டுகொள்ளாதே.

ஆனால் குச்சிகள் இரண்டையும் நான் வண்டியில் ஏற்றப்போவதில்லை. அவை சமையலறையில் புளி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. டிரம்ஸை நான் அனுப்ப முடியும், அடிக்கிற கையை அனுப்ப முடியாது. எடுத்துக்கொண்டு போவதும் விட்டுவிட்டுப் போவதும் உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இந்தக் காகிதத்தை மடிப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நீ கையைத் தூக்கி அடிக்காமல் நிறுத்தியது பந்து போஸ்ட்டில் பட்டதால். இப்போது எந்தப் பந்து எந்தப் போஸ்ட்டில் பட்டது என்று நிறுத்துகிறாய், பாப்பா?

அம்மா